உயிர்க்காற்றும் கண்ணொளியும்

(வெள்ளி விழாக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இச்சங்கம் தன் முதல் மாலை வகுப்பைத் தொடங்கியபோது அதில் அமர்ந்து படித்தவர்களுள் நானும் ஒருத்தி. அங்கே கற்ற கல்வியே என்னைச் செவிலியர் பயிற்சிக்கு அழைத்துச் சென்றது. இன்று ஒரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் பணியாற்றி வருகிறேன். “அறிவியலும் நமது வாழ்வும்” என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தார்கள். அறிவியலின் பெருமையைப் பொதுப்படையாகப் பேசும் ஆற்றல் எனக்கு இல்லை. ஆகவே, நாள்தோறும் நான் கையாளும் ஒரே ஒரு பொருளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். அது பிராணவாயு. ஆக்சிஜன் என்று நாம் யாவரும் அறிந்த அந்தக் காற்று எண்ணற்ற குழந்தைகளின் உயிரைக் காத்தது. அதே காற்று ஒரு காலத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் குழந்தைகளின் கண்ணொளியைப் பறித்தது. இது எவ்வாறு நேர்ந்தது, எவ்வாறு கண்டறியப்பட்டது, இன்று நம் வீட்டுக் குழந்தைகளுக்கு இதனால் என்ன என்பவற்றை நாம் அறிந்திருக்க வேண்டும்.

1941-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரில் குறைமாதத்தில் பிறந்து பிழைத்த குழந்தைகள் சிலருக்குப் பார்வை இல்லாததை மருத்துவர்கள் கண்டனர். அக்குழந்தைகளின் கண் வில்லைக்குப் பின்னால் சாம்பல் நிறத் திசுப்படலம் ஒன்று படர்ந்திருந்தது. தியோடர் டெர்ரி என்னும் கண் மருத்துவர் 1942-ஆம் ஆண்டில் இந்நோயைப் பற்றி முதன்முதலாக எழுதினார். பின்னர் அதற்கு ‘ரெட்ரோலென்டல் ஃபைப்ரோபிளேசியா’ என்று பெயரிட்டனர். வில்லைக்குப் பின்னால் உண்டாகும் நார்த்திசு வளர்ச்சி என்பது அதன் பொருள். இன்று அது குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோய் எனப்படுகிறது, மருத்துவமனைகளில் ‘ஆர்.ஓ.பி.’ என்று சுருக்கமாகச் சொல்கிறோம்.

அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் இந்நோயால் பார்வையிழந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 7,000 பேர் அமெரிக்கக் குழந்தைகள். 1950-ஆம் ஆண்டில் மிச்சிகன் மாநிலத்தில் ஆறு வாரம் முன்னதாகப் பிறந்த ஒரு கறுப்பினக் குழந்தையும் அவர்களுள் ஒன்று. பின்னாளில் ஸ்டீவி வொண்டர் என்ற பெயரில் உலகம் போற்றும் இசைக் கலைஞராக அக்குழந்தை உயர்ந்தது.

இதில் ஒரு வியப்பு உண்டு. பொதுவாக நோய் என்பது வறுமையையும் வசதிக்குறைவையும் தேடி வரும் என்பதே நாம் கண்ட உண்மை. ஆனால் இந்நோயோ, சிறந்த கருவிகளும் தேர்ந்த மருத்துவர்களும் உள்ள இடங்களைத்தான் தேடிச் சென்றது. இங்கிலாந்தில் 1948-ஆம் ஆண்டில் அனைவருக்கும் இலவச மருத்துவம் அளிக்கும் தேசிய நலத்திட்டம் வந்தது. அதன் பின்னர் பர்மிங்காம் நகரில் பணியாற்றிய மேரி கிராஸ் என்னும் மருத்துவர், முன்பு காணாத இந்நோய் தம் குழந்தைகளிடையே தோன்றுவதைக் கண்டார். வசதி பெருகியபோது குருடும் வந்தது. ஏன்?

காரணம் தேடியவர்கள் ஐம்பதுக்கும் மேற்பட்ட காரணங்களைச் சொன்னார்கள். பிஞ்சுக் கண்ணில் வெளிச்சம் படுவதால் வருகிறது என்றனர் சிலர். வைட்டமின் குறைவென்றனர் சிலர். இரும்புச் சத்து மிகுதி என்றனர் வேறு சிலர். பிராணவாயுவை மட்டும் எவரும் எளிதில் ஐயுறவில்லை. உயிர் கொடுக்கும் காற்றை யார்தான் ஐயுறுவார்கள்? 1942-ஆம் ஆண்டில் டிட்ராய்ட் நகரில் நடந்த ஓர் ஆய்வில், பிராணவாயு மிகுந்த காற்றைச் சுவாசித்த குறைமாதக் குழந்தையின் மூச்சு விட்டுவிட்டு வராமல் சீராக வருவது தெரிந்தது. மூச்சு சீராவது நல்லதுதானே என்று எல்லாக் குழந்தைகளுக்கும் அதை வாரி வழங்கத் தொடங்கினர். சீரான மூச்சால் குழந்தைக்கு உண்மையிலேயே நன்மை உண்டா என்று எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. நாம் சுவாசிக்கும் காற்றில் பிராணவாயு நூற்றுக்கு 21 பங்கு. காற்றுப் புகாத புதிய கண்ணாடிப் பெட்டிகளில் அது 60, 70 பங்கு வரை நாட்கணக்கில், வாரக்கணக்கில் நிரப்பப்பட்டது.

பிராணவாயு கண்ணை எப்படிக் கெடுக்கும் என்று நீங்கள் கேட்கலாம். விழித்திரையைக் கண்ணின் உட்சுவரில் விரிந்த ஒரு வயல் என்று கொள்ளுங்கள். கருவில் நான்காம் மாதத்தில், கண் நரம்பு புகும் இடத்திலிருந்து நுண்ணிய இரத்தக் குழாய்கள் வாய்க்கால்களைப் போலக் கிளைத்து விளிம்பை நோக்கி வளர்கின்றன. அவை கடைமடை வரை போய்ச் சேரப் பத்து மாதமும் வேண்டும். கருவறையில் பிராணவாயு குறைவு. அந்தக் குறைவே வாய்க்காலை முன்னோக்கி இழுக்கும் தூண்டுகோல். ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தைக்கு வாய்க்கால் பாதி வழியில்தான் நிற்கும். அந்நிலையில் பிராணவாயுவை மிகுதியாகப் புகுத்தினால், எங்கும் நீர் நிறைந்துவிட்டது போல வாய்க்கால் வெட்டும் வேலை நின்றுவிடுகிறது. வெட்டிய வாய்க்கால்களும் சுருங்கித் தூர்ந்து போகின்றன. பின்பு குழந்தை சாதாரணக் காற்றுக்கு வந்ததும், குழாய் சென்று சேராத விழித்திரைப் பகுதி பிராணவாயு இன்றித் தவிக்கிறது. அந்தத் தவிப்பினால் குழாய்கள் கண்டபடி முளைக்கின்றன. ஒழுங்கற்ற அக்குழாய்கள் இரத்தம் கசிந்து, தழும்பாகி, இறுதியில் விழித்திரையையே சுவரிலிருந்து பிய்த்து இழுத்துவிடுகின்றன. 1950-களின் முற்பகுதியில் இலண்டனில் நார்மன் ஆஷ்டன் என்னும் ஆய்வாளர், பூனைக்குட்டிகளைப் பிராணவாயு மிகுந்த காற்றில் வைத்து, குழாய்கள் தூர்வதையும் பின்பு ஒழுங்கின்றி முளைப்பதையும் கண்டு நிறுவினார்.

இனி, உண்மை வெளிப்பட்ட வகையைக் கூறுகிறேன். இளைஞர்கள் இப்பகுதியைக் கூர்ந்து கேட்க வேண்டுகிறேன்.

நியூயார்க் நகரில் வில்லியம் சில்வர்மன் என்னும் இளம் மருத்துவர் இருந்தார். நோயின் தொடக்க நிலையிலிருந்த 31 குழந்தைகளுக்கு ஏ.சி.டி.எச். என்னும் புதிய மருந்தை அவரும் அவருடைய தோழர்களும் கொடுத்தனர். 25 குழந்தைகளின் பார்வை முழுமையாக நிலைத்தது. அதே நகரின் மற்றொரு மருத்துவமனையில் அம்மருந்து பெறாத 7 குழந்தைகளுள் 6 பேர் குருடாயினர். இதைவிடச் சான்று வேறென்ன வேண்டும் என்றே எவரும் எண்ணுவர். சில்வர்மனும் அவருடைய தோழர்களும் அவ்வாறு எண்ணி நின்றுவிடவில்லை. ஒரே மருத்துவமனையில், யாருக்கு மருந்து, யாருக்கு மருந்தில்லை என்பதைக் குருட்டுச் சீட்டுப் போல முடிவு செய்து, இரு பிரிவினரையும் ஒப்பிட்டனர். மருந்து பெற்றோரில் மூன்றில் ஒரு பங்கினர் பார்வையிழந்தனர். பெறாதோரில் ஐந்தில் ஒரு பங்கினரே இழந்தனர். மருந்து பெற்றோரிடையே சாவும் மிகுதியாயிற்று. தொடக்க நிலையிலுள்ள நோய் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே ஆறிவிடும் என்பதை அப்போதுதான் உணர்ந்தனர். தானாக ஆறியதை மருந்தின் வெற்றியென்று முன்பு கொண்டாடியிருந்தனர்.

1951-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் கேட் கேம்பெல் என்னும் பெண் மருத்துவர் பிராணவாயுவை வெளிப்படையாக ஐயுற்றார். அதைத் தாராளமாகக் கொடுத்த இடத்தையும், அளவோடு கொடுத்த இடங்களையும் எண்ணிப் பார்த்தார். தாராளமாகக் கொடுத்த இடத்தில் நூற்றுக்குச் சுமார் 19 குழந்தைகளுக்கும், அளவோடு கொடுத்த இடங்களில் சுமார் 7 குழந்தைகளுக்கும் இந்நோய் இருந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் வாஷிங்டன் நகரின் பொது மருத்துவமனை ஒன்றில் ஆர்னல் பாட்ஸ் என்னும் இளம் மருத்துவர் சோதனையைத் தொடங்கினார். ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு மிகுந்த பிராணவாயு. மறு பிரிவுக்குத் தேவைப்பட்டால் மட்டும். அரசின் ஆராய்ச்சி நிறுவனம் முதலில் பணம் தர மறுத்துவிட்டது. பிராணவாயுவைக் குறைத்துக் குழந்தைகளைச் சாகவிடுவதா என்பது அவர்களுடைய அச்சம். இரவுப் பணியிலிருந்த செவிலியர் சிலர், குறைந்த அளவு பெறவேண்டிய குழந்தைகளுக்கு யாரும் அறியாமல் பிராணவாயுவைத் திறந்துவிட்டார்கள்.

அன்பர்களே, அந்தச் செவிலியரை என்னால் குறைகூற இயலவில்லை. நள்ளிரவில், ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் விலா எலும்பு மூச்சுக்கு மூச்சு உள்வாங்குவதைப் பார்த்துக்கொண்டு தனியாக நிற்பது எத்தகையது என்பதை நான் அறிவேன். அந்த இரவில் அங்கே நான் இருந்திருந்தால் நானும் திறந்துவிட்டிருப்பேன். அவர்களைத் தூண்டியது அன்பு. ஆனால் அந்த அன்பு, அறியாமல், குருட்டைத்தான் ஊட்டிக்கொண்டிருந்தது. நல்ல மனம் மட்டும் போதாது என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு உணர்த்திய நிகழ்ச்சி வேறில்லை.

பாட்ஸ் 1952-ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டார். மிகுந்த பிராணவாயு பெற்ற 28 குழந்தைகளுள் 7 பேருக்கு நோய் முற்றியிருந்தது. குறைவாகப் பெற்ற 37 பேருள் ஒருவருக்கும் முற்றவில்லை. ஆயினும் குழந்தைகளின் எண்ணிக்கை சிறிது என்று பலர் ஏற்கவில்லை. எனவே 1953-ஆம் ஆண்டு ஜூலை முதல் ஓராண்டுக் காலம், 18 மருத்துவமனைகளில் 786 குழந்தைகளைக் கொண்டு எவரெட் கின்ஸியின் தலைமையில் பெருஞ்சோதனை நடந்தது. மிகுந்த பிராணவாயு பெற்றோரில் நூற்றுக்கு 23 பேருக்கும், குறைவாகப் பெற்றோரில் நூற்றுக்கு 7 பேருக்கும் கண்ணில் நிலையான தழும்பு ஏற்பட்டது. 1954-ஆம் ஆண்டு செப்டம்பரில் இம்முடிவு அறிவிக்கப்பட்டதும் மருத்துவமனைகள் பிராணவாயுவைக் குறைத்தன. நோய் விரைந்து அடங்கியது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் மகிழ்ச்சியோடு அமர்ந்துவிடுவேன். முடியவில்லை. 40 பங்குக்கு மேல் பிராணவாயு கூடாது என்று ஒரு விதி பரவிற்று. அந்த 40 என்னும் எண்ணைச் சோதனை தரவில்லை. எத்தனை நாள் கொடுத்தோம் என்பதே முக்கியம் என்றுதான் அது காட்டியிருந்தது. மேலும், பிறந்து இரண்டு நாள் கழிந்த குழந்தைகளே அச்சோதனையில் சேர்க்கப்பட்டனர். நுரையீரல் முதிராத குழந்தைகள் பெரும்பாலும் இறப்பதோ அந்த முதல் இரண்டு நாட்களில்தான். எனவே குறைத்ததால் நேரும் சாவு கணக்கிலேயே வரவில்லை. கண்ணுக்கு அஞ்சி மருத்துவர்கள் கையைச் சுருக்கியபோது, மூச்சுத் திணறிய குழந்தைகள் மாண்டனர். 1973-ஆம் ஆண்டில் கென்னத் கிராஸ் என்னும் இங்கிலாந்து அறிஞர், ஒரு குழந்தையின் கண்ணைக் காத்ததற்கு ஏறத்தாழ 16 குழந்தைகளின் உயிரை விலையாகக் கொடுத்திருக்கிறோம் என்று கணக்கிட்டார். முதலில் மிகுதியால் தவறினோம். பின்னர் குறைவால் தவறினோம். இரண்டு முறையும் அளக்காமல் தவறினோம்.

இன்று குழந்தையின் பாதத்தில் ஒரு சிறு விளக்கைக் கட்டி, இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை நொடிதோறும் காட்டும் கருவி உள்ளது. பல்ஸ் ஆக்சிமீட்டர் எனப்படும் அக்கருவியின் அடிப்படையை 1970-களில் ஜப்பானிய பொறியாளர் டக்குவோ அயோயாகி கண்டார். ஆயினும் சரியான அளவு எது என்னும் வினா எளிதில் தீரவில்லை. 2010-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்கச் சோதனையில் மிகக் குறைமாதக் குழந்தைகள் சுமார் 1,300 பேர் சேர்க்கப்பட்டனர். ஏற்றம் 85 முதல் 89 வரை வைத்திருந்த பிரிவில் கண் நோய் பாதியாகக் குறைந்தது. ஆனால் நூற்றுக்கு 20 பேர் இறந்தனர். 91 முதல் 95 வரை வைத்திருந்த பிரிவில் கண் நோய் மிகுந்தது. இறந்தோர் நூற்றுக்கு 16 பேர். ஆகவே பொதுவாக 90-க்கும் 95-க்கும் இடையில் நிறுத்தி உயிரைக் காப்பது, பின்பு கண்ணைத் தவறாமல் சோதித்து அதையும் காப்பது என்னும் வழியே இன்று கைக்கொள்ளப்படுகிறது.

இந்த இரண்டாம் பாதிதான் நம் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது. இந்தியாவில் 2020-ஆம் ஆண்டில் மட்டும் 30 இலட்சத்திற்கும் மேற்பட்ட குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக மதிப்பிட்டுள்ளனர். முன்பு இறந்துபோயிருக்கக்கூடிய குழந்தைகளை இன்று பிழைக்க வைக்கிறோம். ஆனால் பிராணவாயுவைக் காற்றோடு கலந்து அளந்து கொடுக்கும் கருவி எல்லா இடத்திலும் இல்லை. அதனால் மேல்நாடுகளில் இந்நோய் அரிதாகவே வரும் எடையுள்ள குழந்தைகளுக்கும் இங்கே வருகிறது.

1996-ஆம் ஆண்டில் சென்னையிலுள்ள ஓர் அரசு மருத்துவமனையில் 29 வாரத்தில், 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தை பிழைத்தது. ஆனால் கண்ணைச் சோதிக்க வேண்டும் என்று பெற்றோருக்கு எவரும் சொல்லவில்லை. பார்வை போனது. அந்தப் பெற்றோர் நடத்திய வழக்கில் 2015-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் 1 கோடியே 38 இலட்சம் ரூபாயும், அதுவரை ஆன மருத்துவச் செலவுக்குத் தனித் தொகையும் வழங்கத் தீர்ப்பளித்தது. சோதனை செய்யாமையும், சோதனை வேண்டும் என்று சொல்லாமையும் மருத்துவத் தவறு என்பது அதனால் உறுதியாயிற்று.

பிறர் தவறைச் சொல்லிவிட்டு என் தவறை மறைப்பது முறையன்று. என் பணியின் தொடக்க ஆண்டுகளில், கூலி வேலை செய்யும் ஒரு தாய், நாற்பது நாள் எங்களிடம் இருந்த தன் குழந்தையோடு வீடு திரும்பினாள். அவள் கையில் சீட்டைக் கொடுத்தவள் நான். கண் சோதனைக்கு வரவேண்டிய நாள் அதில் ஆங்கிலத்தில், மூன்றெழுத்துச் சுருக்கத்தோடு எழுதியிருந்தது. நான் வாய் திறந்து சொல்லவில்லை. சீட்டில் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். ஆறாம் மாதத்தில் அவள் மீண்டும் வந்தாள். “சிஸ்டர், பிள்ளை என் முகத்தைப் பார்க்கவே மாட்டேங்குது” என்றாள். குழந்தையின் கண்மணி வெளுத்திருந்தது. அந்தச் சீட்டை அவள் நான்காக மடித்து, மஞ்சள் பையில் பத்திரமாக வைத்திருந்தாள். படிக்கத் தெரியாத குற்றம் அவளுடையதன்று. படித்தும் சொல்லாத குற்றம் என்னுடையது. அன்றிலிருந்து, தாயிடமும் உடன் வந்த பாட்டியிடமும் நாளைத் தமிழில் சொல்லி, அவர்கள் வாயால் திரும்பச் சொல்லக் கேட்காமல் எந்தக் குழந்தையையும் நான் அனுப்புவதில்லை.

எனவே தாய்மார்களே, இளைஞர்களே, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 34 வாரத்திற்கு முன் பிறந்த குழந்தை, அல்லது இரண்டு கிலோவுக்குக் குறைந்த குழந்தை எதுவாயினும், பிறந்த முப்பது நாளுக்குள் கண் மருத்துவர் அதன் விழித்திரையைச் சோதிக்க வேண்டும். 28 வாரத்திற்கு முன் பிறந்ததாயின், அல்லது 1,200 கிராமுக்குக் குறைந்ததாயின், இரண்டு மூன்று வாரத்திலேயே சோதிக்க வேண்டும். அதைவிடச் சற்று முதிர்ந்து பிறந்திருந்தாலும், பிராணவாயு நெடுநாள் பெற்ற குழந்தையாயின் மருத்துவரைக் கேளுங்கள். ஒரு முறை பார்த்தால் போதாது. குழாய்கள் விளிம்பை அடையும் வரை, சொன்ன நாளில் எல்லாம் போக வேண்டும்.

வெளியிலிருந்து பார்த்தால் கண் அழகாகவே இருக்கும். சிவக்காது, பீளை தள்ளாது, குழந்தை அழாது. கண்மணியில் வெள்ளை தெரியும்போது காலம் கடந்திருக்கும். முப்பது நாள் ஆகாமல் பச்சைப்பிள்ளையை வாசல் தாண்ட விடக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வது பிள்ளையின் நன்மைக்காகத்தான். ஆனால் இந்தப் பிள்ளைக்கு அந்த முப்பது நாளே கெடு. நோய் சிகிச்சை வேண்டும் நிலையை எட்டியதென்று தெரிந்தால், இரண்டு மூன்று நாளுக்குள் லேசர் ஒளியாலோ, கண்ணுக்குள் செலுத்தும் மருந்தாலோ பார்வையைக் காக்க முடியும். விழித்திரை பிய்ந்துவிட்டால் அறுவை செய்தும் பெரும்பாலும் பயனில்லை. ஒரு நாள் கூலி போகுமே என்று தயங்கினால், ஒரு வாழ்நாளின் ஒளி போகும். 2013-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசிய சிறார் நலத் திட்டத்தின் நோய்ப் பட்டியலில் இந்நோயும் இடம்பெற்றுள்ளது. ஆகையால் நம் குழந்தைக்கு இச்சோதனையைக் கேட்டுப் பெறுவது யாசகமன்று, உரிமை.

இச்சங்கத்து இளைஞர்களுக்கு ஒரு செய்தி. கருநாடகத்தில் 2008-ஆம் ஆண்டு முதல், பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்கள் காமிராவோடு ஊர் ஊராக மருத்துவமனைகளுக்குச் சென்று, குழந்தைகளின் விழித்திரையைப் படமெடுத்து, பெங்களூரிலுள்ள கண் மருத்துவர்களுக்கு அனுப்பும் திட்டம் ஒன்று நடந்துவருகிறது. மருத்துவப் பட்டம் பெறாதவரும் கண்களைக் காக்க முடியும் என்பதற்கு அது சான்று. அத்தகைய பயிற்சிகளை நாடுங்கள். அது கைகூடும் வரை இன்னொரு பணி நம் கையிலேயே உள்ளது. நம் தெருவில் குறைமாதக் குழந்தை பிறந்த வீடு எது என்று அறிந்து, அவ்வீட்டு நாட்காட்டியில் முப்பதாம் நாளைச் சுழித்துவிட்டு வாருங்கள். அந்த நாளில் அத்தாயோடு ஒருவர் பேருந்து ஏறுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் இதைச் செய்யலாம்.

ஒரு சொல் கூறி முடிக்கிறேன். எவர் எதைச் சொன்னாலும், அவர் எத்துணைப் பெரியவராயினும், எத்துணை அன்போடு சொன்னாலும், “இது எப்படித் தெரிந்தது? எண்ணிப் பார்த்தீர்களா? ஒப்பிட்டுப் பார்த்தீர்களா?” என்று பணிவோடு கேளுங்கள். பத்தாயிரம் குழந்தைகளின் இருளுக்கு நடுவே அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் சிலரே. அவர்களால்தான் உலகெங்கும் இன்று பல குழந்தைகள் தாயின் முகத்தைப் பார்க்கின்றன. அவ்வாறு கேட்கும் துணிவை எனக்குத் தந்தது இச்சங்கத்தின் மாலை வகுப்பு. அது உங்களுக்கும் வாய்க்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.